ஊறுகாய் ஜாடியில் குடவோலை

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. மேல்பாதி காப்பித்தூள் நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. வாயோரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அதில் ஊறுகாய் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் மூடியைத் திறந்தால் எலுமிச்சங்காய் வாசனை லேசாக வரும், அல்லது வருகிற மாதிரி எனக்குத் தோன்றும். என் வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், சோழர் காலத்து ஜாடி என்று சொல்வேன். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். மீதிப் பேர் என்னைத் தெரிந்தவர்கள். ஆனால் அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஜாடிக்குள் சோழர் காலத்து வேலை ஒன்று நடந்திருக்கிறது. நடத்தியவர் எங்கள் டீச்சர்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. திருவானைக்காவலில் பெரியப்பா வீடு. மண்ணச்சநல்லூரில் அவருக்கு ஓர் அரிசி மில். அவருடைய ஒரே மகள்தான் நான் அக்கா என்று சொல்கிறவள். அக்கா வகுப்பில் முதலாக வந்துகொண்டிருந்தவள். பெரிய மனுஷியானதும் அவளை நிறுத்திவிட்டார்கள். அதில் யாருக்கும் கோபமோ வருத்தமோ இருந்ததாகத் தெரியவில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பது போல, வயசுக்கு வந்தால் பெண்ணை ஸ்கூலிலிருந்து எடுத்தார்கள். அக்காவுடைய வகுப்புப் பெண்களில் நிறுத்தப்படாத இரண்டு மூன்று பேர் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கொல்லையில் ஏதாவது வேலை வந்துவிடும். தெருப்பக்கமே வர மாட்டாள். ஒரு வருஷம் இப்படிக் கொல்லையிலேயே கழித்தபிறகு ஒரு நாள் பெரியப்பாவிடம் போய், மெட்ரிக் பரீட்சையைத் தனியாக எழுதலாமாம், எழுதட்டுமா என்று கேட்டாள். பெரியப்பா மில் மிஷின் மாதிரி மெதுவாகத்தான் கிளம்புவார். நாலைந்து நாள் கழித்து, "படிக்கட்டும். ஆனா வீட்டுக்குள்ளயே படிக்கட்டும்" என்றார்.

அக்கா தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்று என்னையும் கூட உட்கார வைத்தார்கள். நான் பெரியப்பாவின் தம்பி மகள். கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருந்தது. யாரும் முடித்துவைக்கவில்லை, அதுவாகவே முடிந்துகொண்டது. அக்காவுக்குத் துணைக்கு என்று என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எனக்குப் பரீட்சையும் கிடையாது, பயமும் கிடையாது. பாடம் நடக்கும்போது வாய் சும்மா இருக்காது என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே திறமை.

டீச்சர் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். கிறிஸ்தவப் பெண். கல்லூரியில் சரித்திரம் படித்து பி.ஏ. முடித்துவிட்டு, ஏதாவது ஒரு ஸ்கூலில் வேலை கிடைக்கும் வரை வீடுகளுக்கு வந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சன்னக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கழுத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி. பார்த்தால் அக்காவைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி, ஜோடியாக ஓரத்தில் வைப்பார். போகும்போது அப்படியே காலை நுழைத்துக் கிளம்பிவிடலாம். எந்த நேரத்தில் போகச் சொன்னாலும் போகத் தயாராக இருக்கிற மாதிரி இருக்கும் அந்தச் செருப்பு. அதைப் பார்த்துப் பெரியம்மா ஒரு நாள் சொன்னாள், "பாவம், மாசக் கடைசி வரைக்கும் நிப்பமான்னு தெரியாத பொழப்பு." அப்போது எனக்கு அது புரியவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கணக்கும் இங்கிலீஷும் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சரித்திரம்தான் ஏறவில்லை. அவன் இவனை ஜெயித்தான், இவன் மகன் அவன் மகனை ஜெயித்தான் என்று ராஜாக்களை வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வருவாள், நடுவில் ஒரு ராஜா காணாமல் போய்விடுவான். பின்னால் வருகிற அத்தனை பேரும் ஆள் மாறி உட்கார்ந்துவிடுவார்கள். டீச்சர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலை வந்ததும் புத்தகத்தைத் திறக்காமலே, "எல்லாத்தையும் கட்டுங்க. மாட்டுக் கொட்டகைக்குப் போறோம்" என்றார்.

ஏன் என்று கேட்டோம். "அதுதான் வீட்டுக்கு நடுவுல இருக்கு. இங்கிருந்து பார்த்தா சமையல்கட்டு தூரம், கெணறு தூரம். ராஜா முடிவு பண்ணிட்டார், கெளம்புங்க." பாயைச் சுருட்டினோம். புத்தகம், சிலேட்டு, மைக்கூடு, குடிதண்ணீர்ப் பானை, டீச்சர் உட்காரும் நாற்காலி என்று எல்லாவற்றையும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். பெரியப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கணவனை இழந்தபின் அந்த வீட்டோடு இருந்தவள், நடுவழியில் நின்று வேடிக்கை பார்த்தாள். "என்னங்கடி, டீச்சரைக் குடி வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். கொட்டகையில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். மாடு எட்டி, அக்கா வரைந்து வைத்திருந்த இந்தியா படத்தில் தெற்குப் பாதியைத் தின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஆனதும் டீச்சர் எழுந்தார். "ராஜா மனசு மாறிட்டார். திரும்பவும் கூடத்துக்கே போங்க." அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் டீச்சர் சொன்னார், முகமது பின் துக்ளக் என்று ஒரு சுல்தான் டெல்லியில் இருந்த ஜனங்களைத் தௌலதாபாத்துக்குக் கிளப்பிக்கொண்டு போய், பின்னால் திரும்பவும் போகச் சொன்ன கதையை. "இப்ப ஒங்களுக்குக் கை வலிக்குதில்ல? அதுதான் இந்தப் பாடம்."

"மாடு தேவலை டீச்சர். அது யாரையும் எங்கேயும் போகச் சொல்லல" என்றேன் நான். டீச்சர் என்னைத் திட்டவில்லை. அக்காவிடம், "இதையும் எழுதிக்கோ. பரீட்சையில எழுதாதே" என்றார்.

கூடத்தை ஒட்டிய அறையில் பெரியப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மில்லுக்குப் போகும்வரை அதுதான் அவருக்கு வேலை. பேப்பர் முகத்தை மறைத்திருக்கும். டீச்சர் வந்தபிறகு அந்தப் பேப்பரைப் படித்து முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆகத் தொடங்கியதை நான் கவனித்தேன். பக்கம் புரட்டுகிற சத்தமே வராது. பெரியம்மாவிடம் சொன்னேன். "கண்ணாடி மாத்தணும் போல" என்றாள் அவள்.

குடவோலைக்கு வருகிறேன். உத்திரமேரூரில் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது என்று டீச்சர் சொன்ன பாடம் அது. சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க ஓலை நறுக்குகளில் பேர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். எடுத்த பேர்க்காரர் ஒரு வருஷத்துக்கு ஏரி வாரியத்திலோ தோட்ட வாரியத்திலோ பொன் வாரியத்திலோ இருந்து வேலை பார்க்க வேண்டும். இதை வீட்டில் நடத்திப் பார்ப்பது என்று ஆனது. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் ஏரி வாரியம். கொல்லையில் நிற்கிற வாழையும் முருங்கையும் தோட்ட வாரியம். பொன் வாரியத்துக்குப் பெரியம்மாவின் நகைப்பெட்டியைக் கேட்டோம். அவள் பார்த்த பார்வையில், பலகாரம் வைக்கிற தகர டப்பாக்களைப் பொன் வாரியமாக மாற்றிக்கொண்டோம். தண்ணீர்க்குடத்தையும் அவள் தர மறுத்துவிட்டாள். "குடிக்கிற கொடத்துல குப்பையைப் போடறதா?" கடைசியில் காலியாகிக் கிடந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கொடுத்தாள். ஓலைக்கு எங்கே போவது? அத்தையின் பனை விசிறி ஓரம் கிழிந்து கிடந்தது. நான்தான் அதைக் கொண்டுவந்தேன். நறுக்கி முடித்தபிறகுதான் அத்தை தேடிக்கொண்டு வந்தாள்.

"என் விசிறி எங்கடி?"

"ஊர்ச்சபைக்குப் போயிருக்கு அத்தை" என்றேன்.

ஜாடியைக் குலுக்குவதற்கு முன் டீச்சர் தகுதிகளைச் சொன்னார். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயசு முப்பத்தைந்துக்கு மேலே, எழுபதுக்குள். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் பேரைப் போடக் கூடாது. அவர்களுடைய உறவுக்காரர்கள் பேரையும் போடக் கூடாது. வயசில் நானும் அக்காவும் அடிபட்டோம். எங்களை விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்வதற்காக டீச்சர் வயசைத் தளர்த்தினார். கணக்குக் காட்டாதவர் என்ற இடத்தில்தான் சபை சிக்கிக்கொண்டது. தீபாவளி முறுக்கு டப்பா அத்தையின் பொறுப்பில் இருந்தது. பண்டிகை முடிந்த சூட்டோடு டப்பா அரைக்குக் கீழே இறங்கியிருந்தது. கேட்டதற்கு அத்தை எலி என்றாள்.

"மூடி போட்ட டப்பாவுல எலியா?" என்றாள் பெரியம்மா. இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே கார்த்திகை மாசம் முழுக்கக் காத்திருந்தவள்.

"எலி மூடியைத் தொறந்து தின்னுட்டு மூடி வச்சிருக்கும் பெரியம்மா. அது கணக்குக் காட்டற எலி" என்றேன்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தையின் பேரை நீக்கினார். அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது. அத்தை போனால் அத்தையின் அண்ணன் போக வேண்டும். அது பெரியப்பா. அண்ணன் பெண்டாட்டி போக வேண்டும். அண்ணன் மகள் போக வேண்டும். இன்னொரு அண்ணன் மகளும் போக வேண்டும். எழுதி வைத்திருந்த ஓலைகள் ஒவ்வொன்றாக வெளியே போக, ஜாடி காலியாகிவிட்டது. பால் கறக்க வருகிறவருக்குச் சொந்த மனை இல்லை. ஒரு முறுக்கு டப்பாவால் வீட்டில் ஒருவருக்கும் தகுதி இல்லாமல் போனது.

"ஒருத்தர் இருக்காங்க" என்றாள் அக்கா. "டீச்சர் நம்ம யாருக்கும் உறவு இல்ல."

டீச்சருக்குச் சொந்த வீடு உண்டா என்று விசாரணை நடந்தது. அவருடைய அம்மா பேரில் பாலக்கரையில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது என்று தெரிந்தது. அது போதும் என்று தீர்ப்பானது. "டீச்சருக்கு முப்பத்தஞ்சு ஆயிடுச்சா?" என்று நான் கேட்டேன்.

"இப்படிக் கேட்டதுக்கே ஒன்னைச் சபையை விட்டு நீக்கணும்."

"நான்தான் ஏற்கெனவே நீங்கியாச்சே டீச்சர்."

ஆக, ஜாடியில் ஒரே ஓலை. அதை மூன்று தரம் குலுக்கி மூன்று தரம் எடுத்தோம். எடுத்தது நான். விவரம் தெரியாத பிள்ளை வேண்டும் என்றதும், அத்தை விசிறிக் கோபத்தையும் சேர்த்து வைத்து, "அந்த வேலைக்கு இந்த வீட்டுல தகுதி இவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். ஏரி, தோட்டம், பொன் மூன்று வாரியமும் டீச்சருக்கே போனது. பக்கத்து அறையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியப்பா தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா, ஏரி வாரியம் உங்களுதுன்னா, கெணத்து உருளை கிறீச்சுங்குது. எண்ணெய் போடச் சொல்லுங்க." டீச்சர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பேப்பர் இறங்கவில்லை. டீச்சர் அன்று போவதற்கு முன் நிஜமாகவே உருளைக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள். "டீச்சர், அந்தக் கொடத்துல பொம்பளைங்க பேரு போடுவாங்களா?"

"போட்டதா அந்தக் கல்வெட்டுல இல்லம்மா" என்றார் டீச்சர். பிறகு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார், "எல்லாரும் கொடத்துல கைய விடறதைத்தான் பெருசா நெனைக்கிறாங்க. அது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி உள்ள எது போகலாம், எது போகக் கூடாதுன்னு பேசறாங்க பாரு, சபைன்னா அதுதான்."

மார்கழியில் அக்காவுக்கு வரன் வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. தொட்டியத்தில் வாழைத்தோட்டம் உள்ள ஒரு குடும்பம், முசிறியில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம். இரண்டும் நல்ல இடம், இரண்டு பேருமே தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்றார்கள். பரீட்சை பங்குனியில். தையில் கல்யாணம் ஆனால் பங்குனியில் அக்கா எந்த ஊர் அடுப்படியில் இருப்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பரீட்சை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தாலாவது அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். அது இருந்ததையே மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான எதையும் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டார். மில்லுக்கு மிஷின் வாங்கியபோதும், என் அப்பாவுக்குப் பெண் எடுத்தபோதும் அகிலாண்டேஸ்வரி படத்துக்கு முன்னால் பூவையோ சீட்டையோ போட்டு எடுத்துத்தான் முடிவு செய்தார். வந்ததற்கு மேல் மறுபேச்சுக் கிடையாது. வரும் வெள்ளிக்கிழமை தொட்டியமா முசிறியா என்று சீட்டுப் போடுவதாகப் பெரியம்மா வந்து சொன்னாள். அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் டீச்சர் வந்தார். விஷயம் தெரிந்ததும் புத்தகத்தை மூடி வைத்தார். அவர் பெரியப்பாவிடம் பேசியிருக்கலாமே என்று இப்போது நினைப்பது சுலபம். தைக்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கே வேலை இல்லை. தன் சம்பளத்துக்காகப் பேசுகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். "இன்னைக்குப் பாடம் வேண்டாம்" என்றார். பெரியம்மா முறத்தில் கொண்டுவந்து வைத்த மொச்சையை நாங்கள் மூன்று பேரும் உரித்தோம். டீச்சர் உரித்த பருப்பெல்லாம் நகக்குறி இல்லாமல் இருந்தது. அக்கா உரித்ததில் பாதி நசுங்கியிருந்தது. போகும்போது டீச்சர் வழக்கம்போல நேராகச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா எழுந்து பெரியப்பாவின் அறைக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன். அந்த வீட்டில் கதவோரங்கள் எல்லாம் எனக்குப் பழக்கம்.

"அப்பா, வெள்ளிக்கிழமை சீட்டுல என் ஓலையும் ஒண்ணு போடணும்."

பேப்பர் இறங்கியது. "ஒனக்கு என்ன ஓலை?"

"பரீட்சை. எழுதினதுக்கு அப்புறம்தான் கல்யாணம்னு ஒண்ணு. அம்பாள் வேணாம்னு சொன்னா எனக்கும் வேணாம்பா. ஆனா உள்ளேயே போடலைன்னா அம்பாள் எப்படிச் சொல்லுவா?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியம்மா சமையல்கட்டில் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. மறுபேச்சுப் பேசினாள் என்று ஒரு அறை விழும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"தகுதி?"

அக்கா விழித்தாள்.

"தகுதி பாத்துத்தானே பேரு போடணும்? ஒங்க டீச்சரம்மா அப்படித்தானே சொன்னாங்க? ஒக்காரு. குலோத்துங்கன் சுங்கவரியே வேணாம்னு எடுத்துட்டானாமே. எதுக்கு எடுத்தான்?"

"எடுத்தான்னு இருக்குப்பா. எதுக்குன்னு எங்க பாடத்துல இல்ல."

"தெரிஞ்சா நல்லது. இப்ப இருக்கறவங்களுக்கும் சொல்லலாம்" என்றார் அரிசி மில்காரர். பிறகு வரிசையாகக் கேட்டார். துக்ளக்கின் செப்புக் காசு ஏன் செல்லாமல் போயிற்று, ஹொய்சளர்கள் நம் சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் வந்து உட்கார்ந்தது எதற்கு, ஊர்ச்சபையில் ஒருத்தன் எத்தனை காலம் இருக்கலாம் என்று. எல்லாம் எங்கள் கூடத்தில் நடந்த பாடங்கள். பேப்பருக்குப் பின்னால் ஒன்றையும் அவர் விட்டிருக்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டியது அவருக்கு இல்லை, எங்களுக்குத்தான் என்று தெரிந்தது. அக்காவுக்கு ராஜாக்கள் ஒருவரும் காணாமல் போகவில்லை. எல்லாரும் அவரவர் இடத்தில் வந்து நின்றார்கள். கடைசியாக அவர் கேட்டார், "துக்ளக் தலைநகரத்தை மாத்தினானே. அது சரியா, தப்பா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மாத்தினது தப்பில்லப்பா. நடுவுல இருக்கட்டும்னு நல்லதுக்குத்தான் நெனைச்சிருக்கான். போறவங்களை ஒரு வார்த்தை கேக்காம கெளப்பினானே, அதுதான்."

பெரியப்பா பேப்பரை எடுத்து மடித்து வைத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சரி. எழுதிப் போடு" என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் தலை முழுகி, பூஜை அறையில் கூடினோம். வழக்கமாகச் சீட்டுகளைத் தாம்பாளத்தில் போட்டு எடுப்பதுதான் முறை. பெரியப்பா தாம்பாளத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த ஜாடியை எடுத்துட்டு வாங்க" என்றார். அத்தை விசிறியின் மிச்சத்தில் மூன்று நறுக்கு நறுக்கி, மூன்றையும் அக்காவையே எழுதச் சொன்னார். முசிறி, தொட்டியம், பரீட்சை. மூன்றும் ஒரே அளவு, ஒரே மை. எடுப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். என் தகுதியைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. கற்பூரம் எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். ஊறுகாய் வாசனை கையில் ஏறியது. எடுத்துக் கொடுத்தேன்.

முசிறி.

அக்காவின் பார்வை தரையில் எங்கோ இருந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியம்மா, "நல்ல எடம்தான்" என்று யாரிடமோ சொன்னாள். பெரியப்பா ஓலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடு."

"என்னண்ணே இது" என்றாள் அத்தை. "அம்பாள் சொன்னதுக்கு மேலயா?"

"அம்பாளை யாரு மாத்தறா? அந்தக் காலத்துல ஒரு ஓலையோடவா நிறுத்தினான்? குடும்புக்கு ஒண்ணுன்னு அத்தனையும் எடுத்தான். டீச்சரம்மா சொல்லலை? எடும்மா நீ."

குடும்பு என்றால் ஊரின் ஒரு பகுதி, பகுதிக்கு ஒரே ஓலைதான் எடுப்பார்கள் என்று அத்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்தேன். தொட்டியம்.

"ரெண்டு மாப்பிள்ளையா?" என்றாள் பெரியம்மா. "இது எந்த ஊரு நியாயம்?"

"சோழர் ஊரு" என்றேன் நான். பெரியம்மா தலையில் குட்டினாள். பெரியப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. "எடு" என்றார். ஜாடியில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது என்ன என்று கற்பூரத்துக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா சத்தமாகப் படித்தார்.

"பரீட்சை. ஆக, மூணும் வந்துடுச்சு. மூணுலயும் அம்பாளுக்கு ஆட்சேபணை இல்லை. எது முந்தி, எது பிந்திங்கறதை நான் பாத்துக்கறேன்." கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பரீட்சை முந்தி."

"இதுக்கு எதுக்குச் சீட்டு?" என்று பெரியம்மா அன்றைக்கு முழுக்க, சோறு போடும்போதும் குழம்பு ஊற்றும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல யாரும் முயலவில்லை. அம்பாள் சொன்னதை மீறவும் முடியாமல், மகள் சொன்னதைத் தள்ளவும் முடியாமல் இருந்த மனுஷனுக்கு உத்திரமேரூர்க்காரர்கள் ஒரு வாசல் திறந்து விட்டிருந்தார்கள். அவர் அதில் குனிந்து போய்விட்டார். மறுநாள் டீச்சர் வந்தபோது அக்கா ஓடிப்போய்ச் சொன்னாள். டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். "மூணையுமா எடுத்தார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு குடையை மூலையில் வைத்துவிட்டு, "சரி, புத்தகத்தை எடு. விஜயநகரம் அப்படியே இருக்கு" என்றார்.

முசிறிக்காரர்கள் காத்திருக்க முடியாது என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தொட்டியத்தில், எங்களுக்கும் வாழைத்தார் வெட்டு எல்லாம் முடிந்து ஆவணியில் செய்தால்தான் சௌகரியம் என்று சொல்லிவிட்டார்கள். தை என்று அவர்கள் முதலில் சொன்னது, நாங்கள் அவசரப்படுகிறோம் என்று நினைத்துத்தானாம். பங்குனியில் பெரியப்பாவே அக்காவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போய், பரீட்சை முடியும்வரை வெளியே ஒரு மரத்தடியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாளில் குடவோலையைக் கேட்கவில்லை. துக்ளக்கைக் கேட்டிருந்தார்கள். மாட்டைப் பற்றி எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றாள் அக்கா. பாஸ் செய்தாள்.

ஆவணியில் கல்யாணம். எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு உறவு முறைப் பெண்களுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். வெளியாட்களுக்குத் தேங்காய் பழப் பைதான். எத்தனை நெருக்கமாக இருந்தாலும் பைதான். யாருக்குச் சேலை, யாருக்குப் பை என்று பெரியம்மா சொல்லச் சொல்ல அத்தை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்து சேலை அடுக்கில் மேலாக இருந்ததை உருவினார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டது. "இது டீச்சரம்மாவுக்கு" என்றார்.

"என்ன முறைன்னு கொடுக்கறது?" என்றாள் அத்தை.

"ஒனக்குத் தங்கச்சின்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். அத்தைக்குத் தங்கை என்றால் அவருக்கும் தங்கை. அதை அவர் சொல்லவில்லை.

முகூர்த்தம் முடிந்து தாம்பாளத்தில் வைத்து அந்தச் சேலையை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் பை என்று நினைத்துத்தான் கையை நீட்டினார். சேலையைப் பார்த்ததும் கை நின்றது. சுற்றிலும் எங்கள் சித்திகளும் மாமிகளும் அதேபோலச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும். ஊர் வழக்கங்களைக் கவனிக்கிறதுதானே அவர் படிப்பு. சேலையை வாங்கி மடியில் வைத்துக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் என்னிடம் பேசும்போது குரல் பாடம் நடத்துகிற குரலாகத்தான் இருந்தது.

"போச்சு. இனி எனக்கும் தகுதி இல்லை."

அன்று அவர் கிளம்பும்போது செருப்பைக் காணவில்லை. எப்போதும்போல ஓரத்தில் தெருவைப் பார்த்து வைத்ததுதான். வந்த உறவுக் கூட்டம் அதன்மேல் தங்கள் செருப்புகளைக் கழற்றிப் போட்டு ஒரே குவியலாக்கியிருந்தது. நானும் அவரும் குனிந்து கிளறித் தேடி எடுத்தோம். அடுத்த வருஷமே அவருக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்காவின் முதல் பிள்ளைக்குக் காப்புப் போட்டபோது வந்தார், அந்த மாம்பழச் சேலையில். அப்போது வீட்டில் யாரும் என்ன முறை என்று கேட்கவில்லை.

பெரியம்மாவுக்குப் பிறகு ஜாடி என்னிடம் வந்தது. இப்போது என் வீட்டுப் பிள்ளைகள் எங்கே சாப்பிடப் போவது, எந்தப் படம் பார்ப்பது என்று அடித்துக்கொள்ளும்போது போனில் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அது நின்ற இடம்தான் முடிவாம். நான் ஜாடியை இறக்கச் சொல்வேன். உள்ளே எதெல்லாம் போகலாம் என்று முதலில் பேசுங்கள் என்பேன். பேச ஆரம்பிப்பார்கள். இது வேண்டாம், அதைப் போடு, அவள் சொன்னதை ஏன் போடவில்லை என்று சத்தம் போடுவார்கள். பேசி முடிக்கிறபோது பெரும்பாலும் சீட்டு எழுத வேண்டியே இருக்காது. நான் மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, ஜாடியைக் காலியாகவே மேல்தட்டில் திரும்ப வைக்கச் சொல்வேன்.